கடற்கரை மக்களின் மரக்கறிச் சமையல்: நாயாற்றையும் யப்பானையும் ஒப்புநோக்கும் ஒரு வரலாற்றுக் குறிப்பு

முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் வீதி சிலாவத்தை, அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்து நாயாற்றுப் பாலத்தை அடைகின்றது. கிழக்கே கடல், மேற்கே களப்பு, களப்புக்கு அப்பால் காடு. மாரிமழையிலே களப்பு பெருகிக் கடலோடு கலக்கும். சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்க, நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய இடங்களிலிருந்து தொழிலாளர் இக்கரைக்கு வந்து வாடி அமைத்து மீன்பிடிப்பது நெடுங்கால வழக்கம். கரைவலையும் இறாலும் கருவாடும் நாயாற்றின் அடையாளங்கள். இத்தகைய கரையொன்றின் சமையலைப் பற்றி எழுதப் புகுவோர் மீனைப் பற்றியே எழுதுவர் என எதிர்பார்த்தல் இயல்பு.

ஆயின், இதே கரையில் மரக்கறிச் சமையல் ஒன்றும் உண்டு. வெள்ளிக்கிழமையிலும் விரத நாளிலும் கோயிற் பொங்கற் காலத்திலும் அது மேலெழுந்து வருகின்றது. முருங்கையிலை வறை, முசுட்டையிலைச் சுண்டல், வாழைக்காய்ப் பாற்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, பயறு, எள்ளு, ஒடியல், குரக்கன் என விரியும் அதன் வகை குறைவானதன்று. கடலை நம்பி வாழ்ந்த மக்களிடத்தில் இச்சமையல் எவ்வாறு உருப்பெற்றது? அது வறுமையின் விளைவா, சமயக் கட்டளையின் விளைவா, அன்றி வேறொன்றின் விளைவா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, நாயாற்றைப் போலவே கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் வாழ்ந்து, மீனை விரும்பி உண்டு, அதேவேளை உலகின் சிறந்த மரக்கறிச் சமையல்களுள் ஒன்றையும் உருவாக்கிய யப்பானியரின் வரலாறு பெரிதும் துணைபுரியும். இரு மக்களுள் ஒருவர் மற்றவரிடமிருந்து கடன் பெற்றனர் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒத்த நிலைமைகள் ஒத்த முயற்சிகளைத் தோற்றுவித்த முறையையும், அம்முயற்சிகள் ஓரிடத்தில் நிலைபெற, மற்றோரிடத்தில் அறுந்துபோக நேர்ந்தமைக்கான காரணத்தையும் நோக்குவதே இதன் நோக்கமாகும்.

1. விலக்கும் வறுமையும்

பௌத்தம் 6ஆம் நூற்றாண்டிலே கொரியாவின் வழியாக யப்பானை அடைந்தது. 675ஆம் ஆண்டிலே தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் ஊனை உண்பதைத் தடைசெய்தார். இத்தடையை நுணுகி நோக்குதல் வேண்டும். ஆண்டின் நான்காம் மாதந் தொடக்கம் ஒன்பதாம் மாத இறுதி வரையிலான உழவுப் பருவத்துக்கே அது உரியதாயிருந்தது. காட்டுப்பன்றியும் மானும் பட்டியலில் இடம்பெறவில்லை. மீன் உண்பதை அக்கட்டளை தடைசெய்யவில்லை. எனவே, யப்பானியர் பௌத்தரானவுடன் அனைவரும் மரக்கறியுண்போராயினர் என்ற பொதுவான எண்ணம் பிழையானது. தரைவிலங்கின் ஊன் படிப்படியாக ஒதுக்கப்பட்டது, கடல் ஒதுக்கப்படவில்லை.

பொதுமக்களின் உணவு பெரும்பாலும் தாவர உணவாகவே இருந்தது என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் அறம் மட்டுமன்று. விளைந்த நெல்லின் பெரும்பகுதி வரியாகச் சென்றமையால், உழவர் வாற்கோதுமை, தினை, கிழங்கு, முள்ளங்கி, காட்டுக்கீரை ஆகியவற்றைக் கொண்டே வயிறு நிரப்பினர். வன்னியிலும் நிலைமை இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. குளத்து நீர் போதாத ஆண்டுகளிலே குரக்கனும் சாமையும் காட்டுக் கிழங்குமே குடும்பங்களைக் காத்தன.

வறுமை தாவரத்தை உண்ணச் செய்யும். ஆனால் தாவரத்தைச் சுவைபடச் சமைக்கக் கற்பிக்கும் என்று கூறவியலாது. சமய விலக்கும் அவ்வாறே. ‘இதை உண்ணாதே’ என்ற கட்டளை, ‘இதனை இவ்வாறு சமைப்பாயாக’ என்று சொல்லித் தருவதில்லை. ஆகவே இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது காரணமொன்றைத் தேடவேண்டியுள்ளது.

2. மடத்து அடுக்களை

அம்மூன்றாவது காரணம் யப்பானிலே மடத்து அடுக்களையிற் கிடைக்கின்றது. யப்பானியரின் மரக்கறிச் சமையலுக்கு ‘ஷோஜின்’ சமையல் என்று பெயர். ‘ஷோஜின்’ என்பது வீரியம் என்னும் வடசொல்லுக்குச் சீனர் வழங்கிய மொழிபெயர்ப்பின் யப்பானிய ஒலிப்பாகும். இடைவிடாத முயற்சி என்பதே அதன் பொருள். மரக்கறிச் சமையலைக் குறிக்கும் சொல்லில் ஊன் என்றோ மறுப்பு என்றோ எவ்வகைப் பொருளும் இல்லை. முயற்சி என்ற பொருளே உள்ளது. இப்பெயரே அதன் வரலாற்றின் திறவுகோல் எனலாம்.

சென் பௌத்தத்தின் சோத்தோ பிரிவை யப்பானில் நிலைநாட்டிய தோகென் (1200-1253) இளமையில் சீனம் சென்றார். 1223ஆம் ஆண்டில் அவருடைய கப்பல் துறைமுகத்தில் நின்றபோது, அறுபது வயதைக் கடந்த துறவி ஒருவர் தொலைவிலுள்ள மடமொன்றிலிருந்து நடந்து வந்து அதில் ஏறினார். யப்பானியப் பொருள் ஒன்றைத் தம் மடத்துச் சமையலுக்காக வாங்குவதே அவர் வருகையின் காரணம். அப்பொருள் காளான் என்று பலரும் கொள்வர். அவர் அம்மடத்தின் சமையற் பொறுப்பாளர். தங்கி உரையாடிச் செல்லுமாறு தோகென் வேண்டியபோது, மறுநாட் சமையலைப் பிறரிடம் விடமுடியாது என்று கூறி அவர் அன்றே திரும்பிவிட்டார். இத்துணை மூத்த வயதில் தியானத்தை விட்டு அடுக்களை வேலையில் ஏன் உழல வேண்டும் என்று தோகென் வினவ, முதியவர் சிரித்து, சமயப் பயிற்சி என்பதன் பொருளை இளைஞர் இன்னும் அறியவில்லை என்றாராம். இந்நிகழ்ச்சியைத் தோகென் தாமே பதிவு செய்துள்ளார்.

நாடு திரும்பிய தோகென், 1237ஆம் ஆண்டிலே மடத்துச் சமையற்காரருக்கான அறிவுரைகளைத் தனி நூலாக எழுதினார். ‘தென்சோ கியோகுன்’ என்னும் அந்நூல் அரிசி களைவது முதல், பாத்திரங்களை அவற்றுக்குரிய இடத்தில் வைப்பது வரை ஒவ்வொரு செயலையும் பயிற்சியாகக் கொள்கின்றது. சமைப்பவருக்கு மகிழும் மனம், பெற்றோரைப் போற் பேணும் மனம், விரிந்த மனம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது அதன் முடிவு. அம்மூன்றனுள் மகிழும் மனம் முதலிடம் பெற்றுள்ளமை குறிப்பிடத்தக்கது. துறவிகள் ஊனைத் துறந்தனர். சமைப்பதன் மகிழ்ச்சியைத் துறக்கவில்லை. 1244ஆம் ஆண்டில் தோகென் நிறுவிய மடம் பின்னர் எய்ஹெய்ஜி எனப் பெயர் பெற்றது. இன்றைய புகுயி மாநிலத்தின் மலைச்சாரலில் உள்ள அம்மடத்தில் சமையற் பொறுப்பு இன்றும் உயர்ந்த பதவிகளுள் ஒன்றாகும்.

3. மீனின்றிக் கடலின் சுவை

மடத்துச் சமையற்காரர் எதிர்கொண்ட சிக்கல் எளியதன்று. யப்பானியச் சமையலின் உயிர் ‘தஷி’ எனப்படும் வடிநீர். குழம்பு, அவியல், நூடில்ஸ், கீரை யாவும் அதிலேயே சுவை பெறும். அதனைப் பெரும்பாலும் ‘கட்சுஓபுஷி’ கொண்டு தயாரிப்பர். சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல் இறுகும்வரை உலர்த்திச் சீவலாக்கிய பொருள் அது. இலங்கை வாசகருக்கு இதனை விளக்குதற்கு நெடிய சொற்கள் தேவையில்லை. நம் சம்பலிலும் கறியிலும் இடப்படும் மாசிக் கருவாடு இதன் நெருங்கிய உறவாகும். மாலைதீவில் இம்மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்தி வேற்று நாடுகளுக்கு அனுப்பியதை 14ஆம் நூற்றாண்டிலேயே இபுன் பத்தூத்தா எழுதியுள்ளார். இந்துமாகடலிலும் பசிபிக்கிலும் ஒரே மீனிலிருந்து ஏறத்தாழ ஒரே பொருளை இரு மக்கள் செய்துள்ளனர்.

இப்பொருளை நீக்கிவிட்டால் சுவைக்கு எங்கே செல்வது? யப்பானியத் துறவிகள் மீண்டும் கடலுக்கே சென்றனர்; ஆனால் மீனிடம் அன்று, கடற்பாசியிடம். வடகடலின் குளிர்நீரில் வளரும் ‘கொம்பு’ என்னும் அகன்ற பாசியை உலர்த்தி நீரில் ஊறவைத்தால், மீன்வடிநீருக்கு நிகரான சுவை கிடைக்கின்றது. அதனோடு உலர்ந்த ‘ஷீத்தாக்கே’ காளானின் ஊறல்நீரையும் சேர்த்தபோது அச்சுவை மேலும் ஆழமாயிற்று. வடதீவாகிய ஹொக்கைதோவிலிருந்து கொம்பு யப்பான் கடல்வழியாகத் துசுருகா முதலிய துறைகளை அடைந்து, அங்கிருந்து கியோத்தோவின் மடங்களுக்குச் சென்றது. எதோ காலத்திலே ‘கித்தாமாயே’ கப்பல்கள் அதனை ஒசாக்கா வரை கொண்டுசென்றன. கடலில்லா நகரமாகிய கியோத்தோவின் மரக்கறிச் சமையல் சிறப்புற்றது இவ்வணிகத்தின் பயனாகவே.

இச்சுவையின் காரணத்தை அறிவியல் பின்னரே கண்டறிந்தது. 1908ஆம் ஆண்டிலே தோக்கியோ பேரரசப் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பேராசிரியர் இக்கேடா கிக்குனாயே, கொம்பு வடிநீரின் சுவைக்குக் குளுட்டாமிக் அமிலமே காரணம் எனக் கண்டு, அச்சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார். 1913இல் கட்சுஓபுஷியின் சுவைக்குக் காரணமான பொருளும், 1957இல் காளானின் சுவைக்குக் காரணமான பொருளும் இனங்காணப்பட்டன. இவை குளுட்டாமிக் அமிலத்தோடு சேரும்போது சுவை பன்மடங்கு பெருகுமென்பதும் தெளிவாயிற்று. ஆய்வுகூடம் 20ஆம் நூற்றாண்டில் நிறுவியதை அடுக்களை பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நாவினால் அறிந்திருந்தது.

மீனின் சுவையை அறியாதவருக்கு அதற்கு ஈடு தேடவேண்டிய தேவை இல்லை. மீனை நன்கறிந்தவர், விலக்கப்பட்ட நாளிலும் நாவை வெறுமையாக விட மனமின்றி முயன்றமையாலேயே இச்சமையல் பிறந்தது. கடற்கரை மக்களின் மரக்கறிச் சமையலுக்கு மூன்றாவது காரணம் இதுவே: விலக்கு வாய்ப்பை அளித்தது, வறுமை பொருளை அளித்தது, மீனறிந்த நாவோ முயற்சியை அளித்தது.

4. மடத்திலிருந்து வீட்டிற்கு

மடத்துச் சமையல் வீட்டுச் சமையலாயிற்று என்பதே யப்பானிய வரலாற்றின் அடுத்த கட்டம். அதற்கு மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, விலக்கு நாள். இறந்தோர் நினைவு நாளிலும் துக்க காலத்திலும் இல்லத்தார் மீனை விலக்கி ஷோஜின் உணவு சமைத்தனர். துக்கம் நீங்கும் நாளில் மீண்டும் மீனுண்பதற்குத் தனிப்பெயரே உண்டு. இவ்வாறு ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஆண்டிற் பல நாள்கள் மடத்துச் சமையற்காரராக மாற நேர்ந்தது.

இரண்டாவது, பயணம். எதோ காலத்து யப்பானியர் பெருவாரியாக யாத்திரை சென்றனர். 1830ஆம் ஆண்டு இசே திருத்தலத்திற்குச் சில மாதங்களுள் 40 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஷிகோக்குத் தீவின் 88 கோயில்களைச் சுற்றி நடக்கும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் வழியிலே, ஊர்மக்கள் யாத்திரிகருக்கு உணவும் தங்குமிடமும் இலவசமாக வழங்கும் வழக்கம் இன்றும் உள்ளது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூக்காய் நிறுவிய கோயாமலை மடங்களில் விருந்தினர் தங்கி உண்ணலாம். எள்ளையும் கூகைக்கிழங்கு மாவை ஒத்த ஒரு மாவையும் சேர்த்துக் கிளறிய ‘கோமாதோபு’, குளிரில் உறையவைத்து உலர்த்திய சோயாக் கட்டி ஆகியன அங்கே பெயர்பெற்றவை. மலைக்குச் சென்றவர் சுவையை நாவிலும் செய்முறையை நினைவிலும் சுமந்து ஊர் திரும்பினர்.

மூன்றாவது, நூல். 1782ஆம் ஆண்டு ஒசாக்காவிலே சோயாக் கட்டியை நூறு வகையாகச் சமைக்கும் முறைகளைத் தொகுத்த ‘தோபு ஹியகுச்சின்’ அச்சிடப்பட்டது. அது பெருவரவேற்புப் பெற்றமையால் மறு ஆண்டே தொடர்ச்சியும் வெளிவந்தது. எளிய மக்களின் உணவொன்று நூறு முகங்கொண்ட நூலாயிற்று.

இவற்றின் பயனாக உருவான வீட்டுணவை இன்றும் காணலாம்: ஒரு கிண்ணம் சோறு, மிசோ என்னும் நொதித்த சோயாக் களியின் சாறு, ஊறுகாய், இரண்டொரு பக்கக் கறிகள். கீரையை அவித்துப் பிழிந்து வறுத்தரைத்த எள்ளுடன் கலப்பர். நாயாற்றுக் கரையில் இலையை அரிந்து தேங்காய்ப்பூவுடன் வறுப்பதற்கு இது இணையானது. ஆயினும் யப்பானில் உலவும் மரக்கறியுண்போர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். கண்ணுக்கு மரக்கறியாகத் தோன்றும் சாற்றிலும் பெரும்பாலும் மீன்வடிநீர் மறைந்திருக்கும். மடத்து உணவிலேயே அஃதில்லை என உறுதி பெறலாம்.

5. நாயாற்றுக் கரையின் மடம்

நாயாற்றுக்கு எய்ஹெய்ஜி போன்ற மடம் இல்லை. ஆயின் அதன் பணியைப் பிறிதொன்று ஆற்றியது. முல்லைத்தீவுப் பகுதியின் சமய வாழ்வுக்கு மையமாயிருப்பது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய பத்தாவது இடம் அது என்பதும், ‘பத்தாம் பளை’ என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்பதும் ஊர் மரபு. வைகாசிப் பொங்கல் பாக்குத்தெண்டல் சடங்கோடு தொடங்குகின்றது. அடுத்துச் சிலாவத்தைக் கடற்கரையிலே தீர்த்தம் எடுத்து முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டு சென்று, அக்கடல்நீரில் விளக்கேற்றுவர். நிறைமதியை ஒட்டிய திங்கட்கிழமையில் வற்றாப்பளையிற் பொங்கல் நிகழும்.

இச்சடங்கின் உட்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. மீனைத் தரும் அதே கடலிலிருந்து, மீனை விலக்கும் விழாவின் விளக்குக்கு நீர் எடுக்கப்படுகின்றது. இவ்விழாக் காலத்தில் அடியார் பலர் மச்சத்தை முற்றாக விலக்குவர். துறவிகள் கடற்பாசிக்காகக் கடலை நாடியமையும், இங்கே விளக்குக்காகக் கடலை நாடுவதும் வேறு வேறு செயல்களேயாயினும், கடலைப் பகையாக்காது அதன் மீனை மட்டும் ஒருகாலம் ஒத்திவைக்கும் மனநிலை இரண்டிலும் ஒன்றே.

வீட்டு மட்டத்திலும் இம்மனநிலைக்குச் சான்றுண்டு. வடபுலத்துச் சைவ இல்லங்களிலே மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. விரதத்திற்கு முன்னாள் அடுக்களை மெழுகப்படும். சைவச் சட்டி பரணிலிருந்து இறக்கப்படும். அன்றைய சமையல் மீன் குறைந்த சமையலாக இராது. தேங்காய்ப்பாலும் வெந்தயமும் புளியும், வறுத்திடித்த மிளகாய்த்தூளும் மீன்குழம்பின் இடத்தை நிரப்பும். மாரி தொடங்கிய பின் புற்றடியில் முளைக்கும் காளானும், பிஞ்சுப் பலாவும் இறைச்சிக்குரிய பக்குவத்தில் ஆக்கப்படும். சட்டியை மாற்றியவர் சுவையைக் கைவிடவில்லை.

பயணத்தின் பங்கும் இங்கே இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார், வற்றாப்பளைப் பொங்கலைக் கண்டபின் கடலோர வழியாக நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் எனத் தெற்கு நோக்கிச் செல்வர். வழியெங்கும் ஊரவர் அன்னம் அளிப்பர். மீன்பிடிக் குடியிருப்பிலும் அன்று மரக்கறியே சமைக்கப்படும். ஷிகோக்கு வழியில் நிகழ்வது போலவே, வெவ்வேறு ஊர்களின் கைப்பக்குவம் ஒரே வழியிற் சந்தித்தது. யாழ்ப்பாணத்து ஒடியலும் வன்னியின் தேனும் திருகோணமலையின் தயிரும் ஒரே யாத்திரையில் அறிமுகமாயின.

6. பொங்கலும் செம்பயற்றுக் கஞ்சியும்

தமிழரையும் யப்பானியரையும் ஒப்பிடும்போது பேராசிரியர் ஓனோ சுசுமுவைக் (1919-2008) குறிப்பிடாது விடல் பொருந்தாது. தோக்கியோவிலுள்ள ககுஷுயின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்களாகிய அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரின் ஒத்துழைப்போடு இரு மொழிகளையும் பண்பாடுகளையும் ஆராய்ந்தார். தைப்பொங்கலும், யப்பானில் சனவரி 15ஆம் நாள் கொண்டாடப்படும் ‘சிறு புத்தாண்டு’ விழாவும் நாளாலும் உணவாலும் ஒத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்நாளில் யப்பானியர் ‘அசுக்கி’ என்னும் செம்பயற்றை அரிசியோடு சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவர். தமிழர் பயறும் அரிசியும் சேர்த்துப் பொங்குவர்.

இம்மொழி உறவுக் கோட்பாட்டை மொழியியலாளருட் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இக்கட்டுரையின் முடிபு அதனைச் சார்ந்து நிற்கவுமில்லை. நெல் விளையும் நாடுகளிலே அறுவடையைக் கொண்டாடும் மக்கள் புத்தரிசியையும் பயற்றையும் ஒரே பானையில் இடுதல் தனித்தனியாகவும் நிகழக்கூடியதே. ஆயின் ஓனோவின் ஆய்வு நமக்கு ஒரு பாடத்தைத் தருகின்றது. பானையிற் கொதிக்கும் கஞ்சியும் வரலாற்றுச் சான்றாகலாம். அதனைப் பெயரோடும் நாளோடும் எவரேனும் குறித்து வைத்திருத்தல் வேண்டும்.

7. நிலைபெற்றதும் அறுந்ததும்

இங்கேதான் இரு வரலாறுகளும் பிரிகின்றன. 1872ஆம் ஆண்டின் தொடக்கத்திலே மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் துறவிகளும் ஊனுண்ணலாம், மணம்புரியலாம் என அரசு அறிவித்தது. பன்னிரண்டு நூற்றாண்டு மரபு ஓர் ஆண்டில் அரசின் ஆதரவை இழந்தது. ஆயினும் ஷோஜின் சமையல் அழியவில்லை. தோகெனின் நூல் இருந்தது; தோபு நூல் இருந்தது; கோயாமலைக்குச் செல்லும் வழி இருந்தது; விலக்கு நாள்கள் வீடுகளில் இருந்தன. 2013ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ யப்பானியரின் மரபுவழி உணவுப் பண்பாட்டை மனித குலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தபோது, காட்டுதற்கு எழுத்தும் இடமும் ஆளும் இருந்தனர்.

நாயாற்றின் வரலாறு வேறு. 1984ஆம் ஆண்டின் இறுதியில் நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் தம் இல்லங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக அவ்வூர்கள் அவர்களுக்கு எட்டாதனவாயின. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தது. 2009இல் போரின் இறுதியில் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டனர். 2011ஐ ஒட்டிய ஆண்டுகளிலேதான் இக்கரையோர ஊர்களில் மீள்குடியேற்றம் நிகழ்ந்தது.

முகாமில் வழங்கப்பட்ட அரிசியும் கோதுமை மாவும் பருப்பும் எண்ணெயும் சீனியும் தாவர உணவே. மாதக்கணக்கில் மக்கள் மீனின்றி உண்டனர். அதனை மரக்கறிச் சமையல் என எவரும் கூறார். உண்பவர் தெரிவு செய்யாத உணவில் முயற்சி இல்லை. முயற்சி இல்லாதவிடத்து ஷோஜின் இல்லை. முன்னர்க் கூறிய வேறுபாடு, அதாவது வறுமையின் தாவர உணவும் கைப்பக்குவத்தின் தாவர உணவும் ஒன்றல்ல என்பது, இங்கே துயரத்தின் வழியாக மெய்ப்பிக்கப்பட்டது.

இவ்விடைவெளியில் இழந்தது சட்டியும் பரணும் மட்டுமல்ல. முசுட்டை எந்தப் பற்றையிற் படரும், எந்தப் புற்றடிக் காளான் உண்ணத்தக்கது, பாலைப்பழம் எப்போது பழுக்கும், ஒடியலை எத்தனை வெயில் காயவிடுவது என்ற அறிவு, இடத்தோடு ஒட்டிய அறிவு. தாய் மகளோடு பற்றைக்குள் நடந்தால் அது கைமாறும். நடக்கவியலாத ஆண்டுகளிற் கைமாறாது. முகாமிலும் அகதிக் குடியிருப்பிலும் வளர்ந்த தலைமுறைக்குப் பருப்புக்கறி தெரியும். பற்றைக்கீரை தெரியாதிருத்தல் அதன் குற்றமன்று.

எழுத்து இவ்விழப்பைக் குறைத்திருக்கக்கூடும். ஆயின் வன்னியைப் பற்றி எழுதப்பட்டவை பெரிதும் ஆட்சியின் கண்கொண்டு எழுதப்பட்டவை. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய பெருங்கையேடு மதிப்புமிக்கது. குளம், வயல், குடி, வரி, நிருவாகம் ஆகியவற்றை அறிய அதனை விட்டால் வழியில்லை. ஆனால் ஒரு துறவி தம் மடத்து அடுக்களையை எழுதியது போல, அடுக்களைக்குள் நின்று எழுதிய வன்னி நூலொன்று தோன்றவில்லை. எழுத வல்லோர் அடுக்களையை வரலாற்றுக்குரிய இடமாகக் கருதவில்லை. அடுக்களையை ஆண்டோருக்கு எழுதுகோல் அளிக்கப்படவில்லை.

8. முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். கடற்கரை மக்களின் மரக்கறிச் சமையல் வறுமையால் மட்டுமோ கட்டளையால் மட்டுமோ தோன்றியதன்று. மீனின் சுவையறிந்தவர் அதனை ஒருநாள் ஒதுக்கியபோது மேற்கொண்ட முயற்சியே அதன் பிறப்பு. யாத்திரை வழிகள் அதனை ஊருக்கு ஊர் கொண்டு சென்றன. விலக்கு நாள் அதனை வீட்டில் நிலைநிறுத்தியது. இம்மூன்றும் யப்பானுக்கும் நாயாற்றுக்கும் பொதுவானவை. நான்காவதாகிய எழுத்து யப்பானுக்கு இருந்தது, நாயாற்றுக்கு இல்லை. அரசு மாறியபோது யப்பானிய மரபு தப்பியதற்கும், ஊர் பெயர்ந்தபோது நாயாற்று மரபு நலிந்ததற்கும் உள்ள வேறுபாட்டில் இதன் பங்கு பெரிது.

1984இல் இருபது வயதினராய் இக்கரையைவிட்டு வெளியேறிய பெண்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். சைவச் சட்டியில் என்ன சமைக்கப்பட்டது, கதிர்காம அடியாருக்கு எந்த இலையில் என்ன பரிமாறப்பட்டது என்பதைக் கைப்பட அறிந்த இறுதித் தலைமுறையினர் அவர்களே. சாசனமும் நாணயமும் மண்ணுக்குள் இன்னொரு நூற்றாண்டு காத்திருக்கும்; கைப்பக்குவம் காத்திராது. எனவே வரலாற்று மாணவர் ஒருவர் நாயாற்றுக்குச் செல்வாராயின், பாலத்தையும் களப்பையும் கண்டபின் ஏதேனும் ஒரு வீட்டின் பின்கதவடியிலும் அமர்தல் வேண்டும். பற்றைக்கு இலை பறிக்கச் செல்லும் மூதாட்டியுடன் உடன்சென்று, இலையின் பெயரையும் அது வளரும் இடத்தையும் சமைக்கும் முறையையும் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். காளான் வாங்கக் கப்பலுக்கு நடந்து வந்த முதியவரைத் தோகென் அன்று எழுதி வைத்திராவிடில், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அவரைப் பற்றி இங்கே பேசுவதற்கு எதுவும் இருந்திராது.